வண்டிக்குப் பின்னால் ஒரு வீடு

நத்தைக்குப் பிறவியிலேயே வந்துவிட்ட வித்தையை மனிதர்கள் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் வசிக்கும் அந்தத் தம்பதி அப்படித்தான் புறப்பட்டார்கள். கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி ஓய்வு பெற்ற நர்ஸ். 'பிள்ளைகள் படிப்பு முடியட்டும், வீட்டுக்கடன் முடியட்டும்' என்று தள்ளிப்போட்ட பயணங்களுக்காகச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, 20 அடி நீள டிரெய்லர் ஒன்றை வாங்கினார்கள்.

இதற்குத் தனியாக இன்ஜின் கிடையாது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். பார்க்க எளிது. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாத விஷயம்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் காலியான ஒரு பார்க்கிங் மைதானத்திலேயே கழிந்தன. முன்னால் ஓட்டுவது பெரிய சிரமமாக இல்லை. ரிவர்ஸ்தான் படுத்தியது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பகுதி இடப்பக்கம் போகும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். மனைவிக்கு இருபது நிமிடத்தில் பிடிபட்டது. கணவருக்கு நாற்பது வருடப் பழக்கமே எதிரியாக நின்றது. கொஞ்சம் கோபம், கொஞ்சம் வெட்கம். கடைசியில் ரிவர்ஸ் எடுப்பது மனைவியின் வேலை, பின்னால் நின்று வழிகாட்டுவது கணவரின் வேலை என்று முடிவானது. கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் அந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும். கத்திப் பேசக் கூடாது, போனில் பேசிக்கொள்ளலாம். சண்டை பாதியாகக் குறைந்தது.

வண்டியை மாட்டுவதற்கு மனைவி ஒரு பட்டியல் எழுதினார். ஆபரேஷன் தியேட்டர் பழக்கம். இணைப்புக் குண்டு சரியாக உட்கார்ந்ததா? பூட்டு ஊசி போட்டாயிற்றா? பாதுகாப்புச் சங்கிலிகள் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டப்பட்டனவா? இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் முன்பகுதி தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக் விளக்கு எரிகிறதா? அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, கணவர் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். கணவருக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது.

முதல் பயணம் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு. 99-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி அவர்களைக் கடந்தபோது டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. ஆட்டம் பிக்கப்பையும் இழுத்தது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி மடங்கிப் புரளக்கூடும். நல்லவேளை, படித்தது நினைவுக்கு வந்தது. கணவர் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். ஆட்டம் அடங்கச் சில நொடிகள் ஆயின.

ஓரமாக நிறுத்திய பிறகுதான் காரணம் புரிந்தது. இரண்டு சைக்கிள்கள், தண்ணீர் கேன்கள், டின் உணவுகள் எல்லாமே டிரெய்லரின் பின்கோடியில். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் குண்டின் மேல் அழுத்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் லேசாகி வால் ஆடும். போதாதற்கு வேகம் 65 மைல். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல், சுமார் 88 கிலோமீட்டர்தான். சைக்கிள்கள் பிக்கப்புக்கு மாறின. கனமான சாமான்கள் சக்கர அச்சுக்கு முன்னால் வந்தன. கணவர் சொன்ன ஒரே வார்த்தை: "பட்டியல்ல இதையும் எழுது."

யோசெமிட்டி முகாமில் டிரெய்லருக்கு மின் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. பேட்டரியும் தொட்டியும்தான் துணை. முதலில் தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துச் சமன்படுத்தினார்கள். சக்கரங்களுக்குத் தடுப்புக்கட்டை வைத்த பிறகே பிக்கப்பைக் கழற்றினார்கள். வரிசை மாறினால் டிரெய்லர் உருண்டுவிடும். டிரெய்லர் சாய்ந்து நின்றால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் சரியாகக் குளிராது.

தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. கழிவறைத் தொட்டியின் வால்வை மூடியே வைக்க வேண்டும். திறந்தே இருந்தால் நீர் ஓடிவிடும், மற்றது தங்கிக் கெட்டியாகிவிடும். காலி செய்யும்போது முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர். பின்னதே குழாயைக் கழுவிவிடும். கணவர் முகம் சுளித்தார். "முப்பது வருஷம் பெட்பேன் எடுத்தவ நான்" என்று சிரித்தபடி மனைவி கையுறையை மாட்டிக்கொண்டார்.

அடுத்து மொன்டானாவின் கிளேசியர் பூங்கா. அங்கே மலையைக் கடக்கும் புகழ்பெற்ற சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அவர்களுடைய பிக்கப் மட்டும் 19 அடி. டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டுப் பிக்கப்பில் மட்டும் மலையேறலாம். இந்த முறை இதைச் சாலையில் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. கணவரே வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்து, பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்.