திறன்சாரா வேலை

கொன்றை விதையை அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். தோல் அவ்வளவு கெட்டி. கல்லில் உரசிப் போட வேண்டும். இலுப்பை நேரெதிர். பழம் விழுந்த சில நாட்களுக்குள் விதைத்தாக வேண்டும், காய்ந்துவிட்டால் முளைக்காது. உசிலை, நாவல், அழிஞ்சில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. திருவண்ணாமலை மலையடிவாரத்து நாற்றங்கால் ஒன்றில் என்னோடு வேலை செய்யும் அக்காக்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் படித்த எனக்கு இதில் பாதி அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சட்டத்தின் கண்ணில் இது திறன் அல்ல. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 100 நாள் தருவதாகச் சொன்னதே ‘திறன்சாரா உடல் உழைப்பு’ வேலையைத்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாற்று வளர்த்ததும், குழி வெட்டியதும், மரம் நட்டதும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தன. வீட்டில் சமைத்தால் கடமை, ஓட்டலில் ஆண் சமைத்தால் மாஸ்டர். அதே பழக்கம்தான் காட்டுக்கும் வந்திருக்கிறது.

நான் வேங்கிக்காலில் பிறந்தவள். கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதனால் எந்தத் திட்டமும் முதலில் எங்கள் காதுக்கு வந்துவிடும், கைக்கு வருவதுதான் கஷ்டம். 2019 கடைசியில் ஒன்று கைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கேட்டு அந்தக் குழு ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்றன. நாடு முழுக்கப் பல ஆண்டுகள் இந்த வேலை நகரவே இல்லை. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு ஓட்டமாக ஓடியது. ஓர் ஆலோசனை நிறுவனம் எங்களைப் போன்ற பட்டதாரிகளைப் படிவத்துக்கு இவ்வளவு என்று எடுத்தது.

பக்கத்து ஒன்றியத்தில் ஆடு மேய்க்கும் ஓர் ஆயாவோடு ஒரு காலை முழுக்க நடந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட செடிகளைக் காட்டினார். அரப்புக்கு உசிலை இலையை எப்போது பறிப்பது, எந்தச் செடியை ஆடு தொடாது, இருபது வருஷத்துக்கு முன்பு ஓடை ஓரத்தில் நின்று இப்போது இல்லாத மரம் எது என்று எல்லாம் சொன்னார். கிளம்பும்போது கேட்டார்: “எழுதிக்கினு போறியே கண்ணு, எனக்கு இன்னா வரும்?”

படிவத்தில் தகவல் சொன்னவரின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. கூலிக்கு இல்லை. எனக்குக் கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை. ஆயாவுக்கு முதல் தவணையே கிடையாது.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். மத்திய அரசு 2017இல் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று தொடங்கியது. சான்றிதழ் நல்லதுதான். அதைக் காட்டி மாதச் சம்பளம் வாங்க எந்த இடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கோஸ்டா ரிகாவில் 1989இல் கிராமத்து ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து வகைப்படுத்தப் பயிற்சி தந்தார்கள். பயிற்சியோடு விடாமல் சம்பளமும் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வைத்திருந்த நிறுவனம் பணமில்லாமல் தள்ளாடி, 2015இல் சேகரிப்பு முழுவதையும் அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. பயிற்சிக்கு ஒருமுறை பணம் போதும், சம்பளத்துக்கு வருஷா வருஷம் வேண்டும்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறது. இருளரின் அறிவு அங்கே விலை பெற்றது. 2023இல் அச்சங்கத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது கை தட்டினேன். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு அனுமதி தந்தால்தான் அவர்களுக்கு வருமானம். அனுமதி தாமதமானால் அடுப்பும் தாமதமாகும்.

எங்கள் மலையில் 1980களின் கடைசியிலிருந்தே மரம் நடுகிறார்கள். நன்கொடை பெரும்பாலும் மரக்கன்றுக்குத்தான் வரும். கன்றோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மூன்று கோடை தண்ணீர் ஊற்றுகிறவளோடும், தீ பரவாமல் புல் அறுக்கிறவளோடும் யார் போட்டோ எடுக்கிறார்கள்?

இந்த வருஷம் நிதி கேட்டு எழுதியபோது, ‘கூலி’ என்ற தலைப்பிலிருந்து எங்கள் மூத்த அக்காவின் பெயரை எடுத்து ‘விதை வல்லுநர்’ என்று தனியாகப் போட்டேன், பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு. கல்வித் தகுதி என்ன என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. விதை வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். ஆனியில் இலுப்பைப் பழம் விழத் தொடங்கிவிடும். அதற்குள் பதில் வர வேண்டும்.