சீசாவில் வரும் சிறு துணுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், கடும் நோய் வந்தால் திருவனந்தபுரம் செல்வதே அப்பகுதி மக்களின் வழக்கம். 1981-இல் இங்கு மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றியபின் அவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றது. அங்ஙனம் வரும் உறவினர்க்கு உணவும் மொழித்துணையும் அளிப்பவர்கள் நம் சங்கக் குடும்பத்தினரே. ஆதலின் அவர்கட்குச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

உடலினின்றும் எடுத்த திசுவைச் சீசாவிலிட்டு உறவினர் கையிலேயே கொடுத்தனுப்பும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. திசுக்களை மெழுகில் பதிக்கும் பணியில் பல்லாண்டு இருந்தவன் நான். அத்தகைய சீசாக்கள் எத்தனையோ என் கைக்கு வந்ததுண்டு.

உடலை விட்டு நீங்கியதுமே திசு சிதையத் தொடங்குகிறது. அதைத் தடுப்பது ஃபார்மலின். அதன் இப்பயனை 1893-இல் கண்டவர் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் புளூம். ஒரு மணி நேரத்துக்குள் திசுவை அதில் இடுதல் நலம்; திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். மார்புப் புற்றுநோய்ச் சோதனைக்கு 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பது விதி. குறைந்தால் உட்பகுதி கெடும். மிகுந்தால் மரபணு இழைகள் துண்டுபடும். பின்னர் மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமே உள்ள சீவல்களாக்கி, மெழுகைக் கரைத்து மரபணுப் பொருளைப் பிரிப்பர். ஒருவர் திசு மற்றவருடையதில் கலவாதிருக்க, ஒவ்வொரு கட்டிக்கும் கத்தி அலகை மாற்றுவோம்.

என் சிற்றன்னையாரின் மார்புக் கட்டியில் எடுத்த திசுவை, வேறோர் ஊரில், இரவு முழுதும் உப்புநீரில் வைத்துவிட்டனர். புற்றுநோய் என்பது தெரிந்தது; எம்மருந்து பொருந்தும் என்று கூறவேண்டிய சோதனையோ விடை தரவில்லை. எழுபது வயதில் மீண்டும் ஊசிக் குத்து! அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மூன்று வாரங்கள் வீணே கழிந்தன.

ஆகவே, சீசா உங்கள் கைக்கு வருமாயின் தயங்காது கேளுங்கள்: உள்ளிருப்பது ஃபார்மலின்தானா? திசு முழுதும் மூழ்கியுள்ளதா? பெயரும், எடுத்த நாளும் நேரமும் எழுதியுள்ளனவா? சில சோதனைகட்குத் திசு ஃபார்மலின் இன்றியே வேண்டும். அதை மருத்துவரே கூறுவார். நீங்களாக நீர் சேர்க்கவோ உறைய வைக்கவோ வேண்டா.

‘பிளாக்’ எனப்படும் மெழுகுக் கட்டியைப் பெற்றுவந்தால் வெயிலில் வையாது பத்திரப்படுத்துங்கள். ஆண்டுகள் சில கழிந்து புதியதொரு மருந்து வரும்போது, அதற்கான சோதனைக்கு அக்கட்டியே பயன்படக்கூடும்.