அடுத்து வருபவருக்குச் சில விறகுகள்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துத் தென்கிழக்குக் கரையில், தீவுகளும் பனிமலைகளுமாக விரிந்து கிடக்கிறது டோங்காஸ் தேசிய வனம். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில், 1907-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இவ்வனத்தின் பரப்பு 1 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கும் மேல். அந்நாட்டின் தேசிய வனங்களுள் இதுவே மிகப் பெரியது. ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்கள் வானளாவி நிற்கும் இந்த மழைக்காட்டில் ஈரம் காயும் நாள் அரிது.

இவ்வனத்தில் சுமார் 150 மரக்குடில்களை வனத்துறை பராமரித்து வருகிறது. முன்பதிவு செய்து எவரும் தங்கலாம். ஆனால் பெரும்பாலான குடில்களுக்குச் சாலை கிடையாது. படகிலோ, நீரில் இறங்கும் சிறு விமானத்திலோ, காட்டுப் பாதையில் நடந்தோ சென்றடைய வேண்டும்.

உள்ளே பலகைக் கட்டில்கள், ஒரு மேசை, குளிர்காய ஓர் இரும்பு அடுப்பு, அவ்வளவே. மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, காவலாளும் இல்லை. படுக்கை, உணவு, விளக்கு அனைத்தையும் தாமே சுமந்து செல்ல வேண்டும். ஓடை நீரை முகந்து, கொதிக்கவைத்துப் பருக வேண்டும். கழிப்பிடம் தனியே சற்றுத் தள்ளி இருக்கும். மீந்த உணவை வெளியே வைத்தால் கரடிகள் மோப்பம் பிடித்து வந்துவிடும். மூடுபனி கவிந்துவிட்டால் திரும்ப அழைத்துச் செல்லும் விமானம் குறித்த நாளில் வாராது. எனவே கூடுதலாகச் சில நாட்களுக்கு உணவு வைத்திருப்பது அவசியம்.

இத்தகைய இடத்தில் உலர்ந்த விறகே உயிர்காப்பு. மழையில் நனைந்து, விரல்கள் விறைத்து, அந்தி நேரத்தில் குடிலை அடைபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். உடற்சூடு குறைந்துகொண்டே போனால் உயிருக்கே ஆபத்து. அவ்வேளையில் ஈரக்கட்டையைத் தேடிப் பிளந்து தீமூட்டுவது எளிதன்று. அதனால்தான் விறகடுப்புள்ள குடில்களில் ஒரு நல்வழக்கம் நிலவுகிறது. தங்கியவர் புறப்படுமுன் தரையைப் பெருக்கி, குப்பையைத் தம்முடன் எடுத்துக்கொண்டு, தாம் எரித்த அளவுக்கு விறகு பிளந்து, சிராய்களுடன் நனையாத இடத்தில் அடுக்கிவிட்டுச் செல்கிறார்.

அதை மேற்பார்வையிட அங்கே ஒருவரும் இல்லை. விறகை அடுக்கியவர் யாரென்று பின்னால் வருபவர் அறியார். குளிர்காயப் போகிறவர் யாரென்று அடுக்கியவரும் அறியார். முன்பு வந்தபோது தமக்குக் கிடைத்த வெம்மையை, நன்றி கூறவும் ஆளில்லாத அவ்வனத்தில், முகமறியாத இன்னொருவருக்கு அவர் விட்டுச் செல்கிறார். பெயர் பொறிக்கப்படாத தர்மம் அது.