நோட்டுப் புத்தகத்தில் ஒரு சாம்ராஜ்யம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செம்பூர்ப் பையன்களுக்கு வீடியோ கேம் என்றால் டி.வி.யில் செருகி ஆடும் பெட்டிதான். மரியோ குதித்துக்கொண்டே போவான். 'கான்ட்ரா'வில் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே போவார்கள். விரலுக்கு வேகம் இருந்தால் போதும், மூளைக்கு ஓய்வு. செட்டா நகரில் வளர்ந்த அவரும் அந்தப் பெட்டியோடு பல மாலைகளைக் கழித்தவர்தான். ஆனால் அவரை ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டது விரலை அவசரப்படுத்தாத வேறொரு ஆட்டம்.

அதன் பெயர் 'சிவிலிசேஷன்'. அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்துக்காக சித் மெயரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து 1991-ல் வெளியானது. கி.மு. 4000-ல் ஒரு வெற்று நிலத்தில் குடியேறிகளோடு ஆட்டம் தொடங்கும். ஊர் அமைக்க வேண்டும், வயல் வெட்ட வேண்டும், சாலை போட வேண்டும், எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா எதிரிகளையும் வென்றாலோ, ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு ஒரு விண்கலத்தை அனுப்பிச் சேர்த்தாலோ வெற்றி. ஆடுவதற்கு 14 நாகரிகங்கள். அதில் இந்தியாவும் உண்டு, தலைவர் காந்தி. தலைநகர் டெல்லிக்கு அடுத்து ஊர் அமைத்தால் திரையில் 'பம்பாய்' என்று எழுத்து வரும். அதற்கும் அடுத்தது 'மெட்ராஸ்'. கோடை விடுமுறைக்குத் தாதரில் ரயில் ஏறி, ஒரு முழு நாளுக்கு மேல் பயணம் செய்து பாட்டி வீட்டுக்குப் போகிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, அந்த இரண்டு பெயர்களும் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்து நின்றது சாதாரண விஷயமாக இல்லை.

கம்ப்யூட்டர் அவர் வீட்டில் கிடையாது. மாதுங்காவில் மாமா வீட்டில் இருந்தது. மாமா முன்னறையில் டி.டி.பி. தொழில் நடத்தி வந்தார். கல்யாணப் பத்திரிகை, லெட்டர்ஹெட், சபா நோட்டீஸ் எல்லாம் அந்த ஒரு மெஷினில்தான். சனிக்கிழமை மதியம் செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, குர்லாவில் மாறி, மாதுங்கா போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதுவும் நிச்சயமில்லை. கிரேக்கர்கள் எல்லையில் வந்து நிற்கும் நேரம் பார்த்து, "ராஜ்யத்தை அடுத்த வாரம் ஆளலாம்டா, பத்திரிகைக்குப் ப்ரூஃப் கேக்கறா" என்று மாமா நாற்காலியைக் கேட்பார்.

ஆட்டம் வந்தது யாரோ கொடுத்த ஃப்ளாப்பியில். அந்த நாளில் எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. கூட வரவேண்டிய கையேடு வரவில்லை. அதில்தான் சிக்கல். நகல் எடுப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே தயாரிப்பாளர்கள் ஒரு பொறி வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவன் தோன்றி, நீ உண்மையான அரசன் இல்லை என்று குற்றம் சாட்டுவான். உண்மையான அரசன் என்றால், இன்ன அறிவைப் பெறுவதற்கு முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று சொல் என்பான். பதில் தவறினால் படை போய்விடும்.

கையேடு வைத்திருப்பவன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். இல்லாதவன் மனப்பாடம் செய்ய வேண்டும். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் திரையில் கண்டதைக் குறித்துவரத் தொடங்கினார். சட்டத் தொகுப்பு வேண்டுமானால் முதலில் நெடுங்கணக்கு வேண்டும். கணிதத்துக்கு நெடுங்கணக்கும் கல்தச்சும் வேண்டும். கல்வியறிவு பரவ எழுத்தும் சட்டமும் வேண்டும். இரும்புக்கு முன் வெண்கலம். அம்புக்குறிகள் பெருகி, கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, நோட்டின் நடுப்பக்கம் ஒரு ஆலமரம் போல ஆகிவிட்டது.

பொறி வைத்தவர்கள் தடுக்க நினைத்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. ஆட்டத்தைவிட அந்த மரம் அவரைப் பிடித்துக்கொண்டது. எதுவும் தானாக வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. இன்று களஞ்சியம் கட்டினால் நாளைக்குப் படை குறையும், ஆனால் அதற்குப் பிறகு ஊர் வேகமாகப் பெருகும். நீர்க்கால்வாய் இல்லாத ஊர் பத்துக்கு மேல் வளராது. எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்ற இந்தக் கணக்குதான் வியூக விளையாட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாரம் இரண்டு மணி நேரம் ஆட்டம், மீதி ஆறு நாள் நோட்டில் திட்டம் என்று இருந்ததால், ஆடுவதைவிட யோசிப்பதே அவருக்கு ருசியாகிப் போனது.

இந்தக் கணக்கு எங்கே உதவாது என்பதையும் அதே குளிர்காலம் காட்டியது. 1992 டிசம்பர் 6-ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பம்பாயில் டிசம்பரிலும் மறுபடி ஜனவரியிலும் கலவரம். பின்னால் விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கொடுத்த கணக்குப்படி இறந்தவர்கள் 900 பேர். மாதுங்காவை ஒட்டிய தாராவி மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. அந்த வாரங்களில் பையனை ரயிலில் அனுப்ப வீட்டில் யாருக்கும் துணிவில்லை. மாமாவிடமிருந்து போன் வந்தால்தான் அம்மா சாப்பிட உட்காருவாள்.

கையில் இருந்தது நோட்டு மட்டும். அதில் ஒரு வரி: ஊரில் அதிருப்தி பெருகிக் கலகம் வந்தால் கோயில் கட்டு, ஒருவர் மனம் ஆறும். ஆட்டத்தின் விதி அது. நூறு தடவை வேலை செய்த விதி. ஜன்னலுக்கு வெளியே இருந்த பம்பாயோ கோயிலின் பெயராலும் மசூதியின் பெயராலும் எரிந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் நோட்டைக் காட்டிக் கேட்டார். டிராம்பே சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் முடிந்து, சுற்றுவழியில் வீடு வந்து சேர்ந்திருந்த அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார். அப்புறம் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

ஆட்டத்தின் மேல் அவருக்கு வெறுப்பு வரவில்லை. விதிகளை எழுதுவது யாரோ ஒரு மனிதர், அவர் விட்டுவைத்ததும் உண்டு என்பது புரிந்தது. அன்று முதல் எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இரண்டு கேள்விகள்: இதில் எதை எண்ணுகிறார்கள்? எதை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள்?

1997-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வந்தது. கல்லூரி நண்பர்கள் சைபர் கஃபேயில் நான்கு மெஷின்களைப் பிணைத்து இரவு வரை மோதினார்கள். இதில் எதிரி காத்திருக்க மாட்டான். மரம் வெட்டுகிற நேரத்தில் குதிரைப்படை வந்துவிடும். முதலில் திணறினார். கை கொடுத்தது பாட்டி. மெட்ராஸ் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு அவள் கற்றுக்கொடுத்த ஆடு புலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆனாலும் ஆடுகள் ஜெயிக்கும், புலி நகர இடமில்லாமல் சேர்ந்து நின்றால். எண்ணிக்கையை எப்படி நிறுத்துவது என்பது திண்ணையிலேயே கற்ற பாடம் என்பது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

இன்று அவர் செய்வது சரக்குப் பெட்டகங்களின் போக்குவரத்தைத் திட்டமிடும் வேலை. எந்தப் பெட்டி முதலில் இறங்க வேண்டும், அது இறங்காவிட்டால் பின்னால் எது எது நிற்கும் என்பதே பகல் முழுக்க அவர் கணக்கு. ஆலமரம் நோட்டிலிருந்து மேசைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் ஆடுகிறார்.

ஆட்டங்களும் மாறிவிட்டன. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999-ல் வந்தபோது அதில் இந்தியர்களே கிடையாது. 2013-ல் வந்தார்கள், ஒரே இனமாக. 2022 ஏப்ரலில் திராவிடர்கள் தனியாகச் சேர்க்கப்பட்டார்கள்; ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். 2025-ல் வெளியான 'சிவிலிசேஷன் 7'-ல் சோழர்கள் தனி நாகரிகம். எண்ணாமல் விட்டதை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய ஆட்டத்தில் ஒரு பிழையால் காந்தி அணுகுண்டு வீசுவார் என்று உலகம் முழுக்க ஒரு கதை உலவியது. அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சித் மெயர் 2020-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதைப் படித்ததும் அவருக்கு ஒரு சிறு நிம்மதி.

இப்போது அவர் கவலை வேறு. பத்து வயது மகளின் போனில் ஒரு நகரம் வளர்கிறது. பார்வைக்கு அப்பாவின் ஆட்டம் போலத்தான். ஆனால் ஒரு மதில் எழும்ப ஒன்பது மணி நேரம் ஆகும். காத்திருக்க விருப்பமில்லையென்றால் காசு கொடுத்து வைரம் வாங்கி உடனே முடிக்கலாம். அவர் ஆட்டத்தில் காத்திருப்பதே யோசனைக்கான நேரம். இங்கே அது விலை போட்ட சரக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மின்விளையாட்டுகளை அது அங்கீகரிக்கிறது. பணம் ஜெயிக்கும் ஆசையில் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்கிறது. காத்திருப்பைச் சுருக்க வாங்கும் வைரம் அந்த வகையில் சேராது. அந்தச் சட்டத்தை வீட்டில்தான் போட வேண்டும்.

அவர் போட்ட சட்டம் ஒரே வரி: ஆடலாம், நேரத்தைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. மகள் கோபித்துக்கொண்டாள். மதில் எழும்பும் ஒன்பது மணி நேரத்துக்கு என்ன செய்வதாம்? அவர் ஹாலில் உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் 23 புள்ளிகளைப் போட்டார். புலியைத் தான் எடுத்துக்கொண்டார். மூன்று ஆட்டங்களில் அவள் தோற்றாள். நான்காவதில், முதல் ஆட்டை எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.