சீருடையும் சொற்போரும்

விழாக் காணும் எம் கல்லூரித் தாயிடம் யாம் கற்றவற்றுள் ஒன்று இன்றளவும் எம்மைத் தொடர்கின்றது. மாணவர் மன்றத்தில் ஒருநாள் முழங்கிப் பேசிக் கைதட்டல் பெற்று இறங்கிய எம்மைத் தமிழாசான் அருகழைத்து, "எதிரணியார் என்ன கூறினர்?" என்று வினவினார். விடை கூற இயலாது விழித்து நின்றோம். கைதட்டல் மறந்துவிட்டது, அவ்வினா மறக்கவில்லை.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, கல்முனைப் பகுதிப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் யாம், 2025இல் தமிழ்மொழித் தினப் போட்டிக்கென விவாத அணியொன்றைப் பயிற்றினோம். 'சீருடை மாணவரிடையே ஏற்றத்தாழ்வை அகற்றுகின்றது' என்பது பொருள்.

முதல் நாட் பேச்சுக்களில் அடுக்குமொழியும் நையாண்டியும் மலிந்திருந்தன. வாதம் மட்டும் இல்லை. (தொலைக்காட்சிப் பட்டிமன்றங்கள் செய்த கைங்கரியம்!) ஆகவே நன்னூலைக் கையிலெடுத்தோம். எழுவகை மதங்களை வகுத்த பவணந்தியார், பிறர் கொள்கையை முன்னர் மேற்கொண்டு பின்னர்க் களைதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பரீட்சைக்கு மனனஞ் செய்து மறக்கப்படும் அப்பகுதியை விவாத விதியாக்கினோம். எதிரணியின் வாதத்தை முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். அவர்கள் "ஆம், இதுவே எங்கள் கருத்து" என்று ஒப்பிய பின்னரே மறுக்கலாம்.

விதியைக் கேட்டு முகஞ் சுளித்தனர். ஆயினும் மூன்றாம் நாள் பேச்சின் போக்கே மாறிற்று.

எதிர்த்துப் பேசியவன் மருதமுனை நெசவாளர் ஒருவரின் மகன். 1993 தொடக்கம் அரசு சீருடைத் துணி வழங்கி வருவதை அவன் மறுக்கவில்லை. துணிதான் இலவசம்; தையற்கூலியும் சப்பாத்தும் இலவசமல்ல என்றான். "இரண்டு உடை உள்ளவனும் ஒன்றே உள்ளவனும் வெயிலில் சமம், மாரியில் சமமல்லர். இரவில் துவைத்தது காலையில் காயாது" என்றான். தறியோசை கேட்டு வளரும் தம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இவ்வாண்டுச் சீருடைத் துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாகவே வந்ததென இடையில் ஒரு குத்தும் வைத்தான். பொருளுக்குப் புறம்பு என்று புள்ளித்தாளில் குறித்தோம். அதை இரசித்ததை அவனிடம் கூறவில்லை.

மறுத்துரைக்க எழுந்த மாணவி, விதிப்படி, அவன் வாதத்தை அவனினும் தெளிவாக எடுத்துரைத்தாள். ஈரச் சட்டையால் வீட்டில் தங்கியவனை இடாப்பு 'வரவில்லை' என்று மட்டுமே பதியும் என்பதையும் தானே சேர்த்தாள். அவன் வியந்து தலையசைத்தான். பின்னர் குரல் தாழ்த்திக் கூறினாள்: "2004 டிசெம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோயிற்று. பாடசாலை மீளத் திறந்தபோது உம்மா நிவாரணத்தில் கிடைத்த பூப்போட்ட சட்டையுடன் போனா. யாருக்கு வீடில்லை என்பதைச் சட்டைகளே காட்டிக்கொடுத்தன. வெள்ளை உடை கிடைத்த அன்றுதான் மற்றப் பிள்ளைகள் தன்னைப் பாவம் பார்ப்பது நின்றதென்று உம்மா இன்றும் சொல்லுவா."

வகுப்பில் ஓசையில்லை. வாதம் முடிந்ததென்றே எண்ணினோம்.

நெசவாளர் மகன் எழுந்தான். அவள் கூறியதைக் குறையாமல் திருப்பிக் கூறி, அவள் ஒப்பும்வரை காத்திருந்தான். பின்பு, "அன்று பூச்சட்டையுடன் வந்தவர்களை எவரும் வாசலில் தடுக்கவில்லை. அப்படியாயின், சட்டை காயாததால் வேறுடையில் வருபவனை இன்று ஏன் தடுக்கின்றோம்?" என்றான். அவனது பார்வை எதிரணியை விட்டு எம் மேல் நின்றது.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், வேறொரு பாடசாலையில், மாரிக்காலக் காலையொன்றில் யாம் வாசற் கடமையில் நின்றோம். கோடு போட்ட சட்டையுடன் சிறுவனொருவன் வந்தான். "நனைஞ்சு போச்சு, சேர்" என்றான். சாக்குச் சொல்கின்றான் என்று திருப்பி அனுப்பினோம். அந்த வாரம் முழுவதும் அவன் வரவில்லை. இடாப்பில் ஐந்து நாளும் சிவப்பு மையால் குறித்ததும் யாமே.

அன்றைய புள்ளித்தாளில் இருவருக்கும் எண் இடாது மடித்து வைத்தோம். போட்டியில் எம் அணிக்கு இரண்டாமிடம் கிடைத்தது. முதலிடம் பெற்றோர் நன்றாகவே பேசினர்.

வாடை தொடங்கிய பின் ஒருநாள் வாசற் கடமை எம் முறைக்கு வந்தது. மணியடித்துச் சற்று நேரங்கழித்து, நீலச் சட்டையுடன் ஒருவன் மதிலோரம் தயங்கி நின்றான்.

"என்ன மகன், என்ன நடந்தது?" என்று கேட்டோம்.