துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகள்

டாய்லெட் சீட்டைக் கழற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் படியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒருநாள் இது தேவைப்படும்.

நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூர், பட்டுநூல்சத்திரம் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சாண்ட்ரோ காரை வெளியே விட்ட காலத்தில், அதை ஒட்டி வந்த உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தவன். பிறகு நோக்கியா 2006-ல் வந்தது, 2014-ல் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக முளைத்தன. இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் போல்ட் முறுக்கப்படும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். அப்படிப்பட்ட ஊரில் இரண்டே இரண்டு போல்ட் என்னை ஒன்றரை நாள் உட்கார வைத்தது.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு வலது கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலையில் பிசியோதெரபி செய்யும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்தானே அங்கிள்? உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "பத்தாது. அவ்வளவு தாழ்வா உக்காந்தா முட்டி ரொம்ப மடங்கும், எழுந்திரிக்கும்போது மொத்த எடையும் புது மூட்டு மேல வரும். உயரம் கூட்டுற சீட் வாங்கிப் போட்டுடுங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சது. முக்கியமா, ஆடக் கூடாது" என்றார்.

சீட் அன்றைக்கே கிடைத்துவிட்டது. பழைய சீட்டை எடுத்துவிட்டு, கமோடின் பின்பக்கம் இருக்கும் அதே இரண்டு ஓட்டைகளில்தான் இதைப் பொருத்த வேண்டும். பழைய சீட் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் நட்டு எது, போல்ட் எது, வாஷர் எது என்று தெரியவில்லை. மூன்றும் சேர்ந்து செம்மண் உருண்டை மாதிரி இருந்தது. மேலே பித்தளை நிறத்தில் மின்னிய போல்ட், மூலாம் போனபின் சாதா இரும்பாக நின்றது.

பிளம்பரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான். ஸ்பேனரை வைத்து ஒரு முறை தம் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சார், இது வராது. சுத்தியால தட்டினா பீங்கான் போயிடும். கமோடையே மாத்திடலாம். சிமென்ட் காய மூணு நாள் விட்டுடுங்க" என்றார். மூன்று நாள் என்னிடம் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே வெஸ்டர்ன் டாய்லெட். இன்னொன்று மாடிக் குடித்தனக்காரர்களுடையது, அது இந்தியன்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்தாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, மகனைப் பற்றி ஒரு வார்த்தை. பிறகு, "என்னங்க, அந்த பாத்ரூம் வேலை என்னாச்சு?" சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவனுக்குக் குரல் தெரியும். ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைத்ததையே அவளால் தாங்க முடியவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டாள், அதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டிலும் ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் உள்ளே நிற்க வேண்டும் என்றால், அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவாள். எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் அப்படித்தான். "ஆயிடும்" என்று சொல்லி வைத்தேன்.

இனி வேலைக்கு வருவோம்.

துருவில் ஒரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப்போல சில மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில், மரையில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் துரு வளர்ந்தால், அது ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். எங்கள் பக்கம் போர் தண்ணீரின் உப்புக்கறை வேறு அதன்மேல் சுண்ணாம்புக் காரை போலப் படியும். போதாததற்குக் கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை போகும், கூடவே அதன் புகை போல்ட்டின் மூலாமையும் தின்றுவிடும். தொழிற்சாலையில் ஒரு போல்ட் துருவைத் தாங்குமா என்று பார்க்க, 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக்கரைசலைப் பனிபோலத் தெளித்து மணிக்கணக்கில் வைப்பார்கள். நம் வீட்டுக் கழிப்பறை அந்தச் சோதனைப் பெட்டியை வருடக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறது.

முதல் வேலை சுத்தம். பழைய டூத் பிரஷ், வினிகர். உப்புக்கறை வினிகரில் நுரைத்துக் கரையும். அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்ததும் நட்டின் ஆறு பட்டைகளில் நான்கு தெரிந்தன. பிறகு எண்ணெய். டபிள்யூ.டி.-40 எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ராக்கெட் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்தது. தண்ணீரை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். மேலே போல்ட் தலையின் ஓரத்திலும் கீழே நட்டின் வாயிலும் அடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். அடித்தவுடன் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மரைக்குள் எண்ணெய் ஏற நேரம் வேண்டும். மூன்று மணிக்கு ஒருமுறை அடித்தேன், படுக்கும் முன் ஒருமுறை.

தொழிற்சாலையாக இருந்தால் அடுத்து டார்ச்சை எடுத்து நட்டைச் சூடாக்குவோம். இங்கே அது கூடவே கூடாது. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பையும், ஓரிடத்தில் மட்டும் ஏறும் சூட்டையும் தாங்காது. சுத்தியல் அடியும் அப்படித்தான்.

மறுநாள் காலை மாடியில் குடியிருக்கும் தம்பி நைட் ஷிஃப்ட் முடித்து வந்தான். திருவண்ணாமலைப் பக்கம், டிப்ளமோ படித்தவன், ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் இருக்கிறான். நான் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "சார், நான் டார்ச் பிடிக்கிறேன்" என்று உட்கார்ந்தான். தூங்கப் போ என்றாலும் போகவில்லை.

8 மில்லிமீட்டர் போல்ட். 13-ம் நம்பர் ஸ்பேனர். இடது பக்க நட்டில் மாட்டினேன். கீழேயிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத்தான் கழற்ற வேண்டும். கமோடுக்கு மேலே குனிந்தபடி கையை மட்டும் கீழே விட்டு வேலை செய்பவர்களுக்குத் திசை தலைகீழாகிவிடும், பலர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார்கள். நான் முதலில் வேண்டுமென்றே ஒரு துளி இறுக்கினேன்.

"சார், டைட் பண்றீங்களே!"

"இருப்பா. பிடிச்சிருக்கிற துருவை ஒடைக்கணும். எந்தப் பக்கம் அசைஞ்சாலும் ஒடையும்."

டிக் என்று ஒரு சத்தம். பிறகு கால் சுற்று கழற்று, மறுபடி கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் அடி, மறுபடி கழற்று. இருபது நிமிடத்தில் இடது நட்டு கையோடு வந்தது.

அவன் சிரித்தான். "சார், எங்க லைன்ல எனக்கு ஒரு ஷிஃப்ட்ல நூத்துக்கணக்குல போல்ட் வரும். மெஷினே டார்க் பார்த்து நின்னுடும், பச்சை லைட் எரியும், அனுப்பிடுவேன். ஒண்ணைக்கூட கழட்டினது இல்ல சார்."

அது எனக்கு மனதில் தைத்தது. அவன் தவறு இல்லை. லைன் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மாட்டுவதற்கு ஒரு எண் உண்டு, பச்சை விளக்கு உண்டு. கழற்றுவதற்கு எண் கிடையாது. கையில் வரும் எதிர்ப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. எனக்கும் ஒரு ஃபிட்டர் அண்ணன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

வலது பக்கம் மசியவில்லை. நட்டின் பட்டைகள் உளுத்துப்போய் ஸ்பேனர் வழுக்கியது. மேலே போல்ட் தலையின் காடியும் துருவில் உதிர்ந்துவிட்டது. பலத்தைக் கூட்டினால் பீங்கான் பிளக்கும். இனி அறுப்பதுதான்.

ஹாக்ஸா ஃபிரேம் அந்தச் சந்தில் நுழையாது. பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பீங்கான் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, அதன்மேல் பழைய காலண்டர் அட்டையை வைத்தேன். சீட்டின் கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அதை அறுத்துக்கொண்டு போனால் போல்ட்டின் கழுத்து கிடைக்கும். பல் முன்னோக்கி இருக்க வேண்டும். தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது தளர்த்து. அவசரப்பட்டால் பிளேடு ஒடியும். நானும் தம்பியும் மாற்றி மாற்றி அறுத்தோம். அவன் முதலில் மாவு சலிப்பதுபோல வேகமாக இழுத்தான். "மெதுவா, பிளேடோட முழு நீளமும் வேலை செய்யட்டும்" என்றேன். ஐந்தாவது நிமிடம் பிடித்துக்கொண்டான். முக்கால் மணி நேரத்தில் போல்ட்டின் அடிப்பாகம் பக்கெட்டில் டங்கென்று விழுந்தது. பீங்கானில் ஒரு கீறல் இல்லை.

புது சீட்டுக்குக் கூடவே வந்த போல்ட்டைப் போடவில்லை. சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு கோயில் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பித்தளை என்று கொடுத்ததில் காந்தம் கப்பென்று ஒட்டியது. அது மூலாம் பூசிய இரும்பு. உண்மையான பித்தளையில் ஒட்டாது. நான் வாங்கியது 316 ரக எவர்சில்வர். சாதாரண 304-ஐவிட உப்பையும் குளோரினையும் நன்றாகத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. எவர்சில்வரில் எவர்சில்வர் நட்டு போட்டால் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் மரையில் கிரீஸ் தடவினேன். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும். பிறகு நானே கைப்பிடியைப் பிடித்து பத்து முறை உட்கார்ந்து எழுந்தேன். தம்பிக்கு என்னைவிட எடை கூட, அவனையும் உட்காரச் சொன்னேன்.

நான்காம் நாள் மாலை அவள் வந்தாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் வாசல்வரை போய், திரும்பிப் பார்த்து, "நீங்க வெளியிலயே இருங்க" என்றாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை, அதுவரை ஒப்புக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் நின்று பேப்பரைப் புரட்டினேன், ஒரு வரி ஏறவில்லை. ஃபிளஷ் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ஆடலை" என்றாள். காபி போடச் சொன்னாள். பெரிய டம்ளரில்.

கடைசியாக, உங்களுக்கு நான்கு வார்த்தை. தேவை வரும் முன்பே ஒருநாள் டார்ச் அடித்து அந்த நட்டுகளைப் பாருங்கள். துரு தொடங்கியிருந்தால் இப்போதே எண்ணெய் அடித்துக் கழற்றி மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கால் சுற்று கழற்றி இறுக்கினால் ஜாம் ஆகாது. ஆசிட் போட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

மாடித் தம்பி போன வாரம் ஒரு ஹாக்ஸா பிளேடு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். அவன் ஊரில் அவன் பாட்டி வீட்டுப் போர் மோட்டாரில் நான்கு போல்ட் ஜாம் ஆகியிருக்கிறதாம். பொங்கல் லீவில் போய்க் கழற்றப் போகிறான்.