உச்சியை விட்டு விலகி

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஐ.எஃப். பகுதியில், சிறு தகரக் கூடுகளுக்குள் காயில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஃபெரைட் திருகு. எல்லாவற்றையும் ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தினால் அலையின் வலிமை மிகும் என்பது உண்மையே. ஆயின் அலைப்பட்டை குறுகிப் படத்தின் நுட்பம் மறையும். ஆகவே ஒவ்வொரு காயிலையும் சற்றே விலக்கி இசைத்தனர். படத்துக்குரிய 38.9 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சரிவின் பாதி உயரத்தில் நிறுத்தினர், ஒலிக்குரிய 33.4 மெகாஹெர்ட்ஸ் அலையை வெகுவாகத் தாழ்த்தினர். இல்லையேல் பேச்சு எழுந்தோறும் திரையில் பட்டைகள் நெளியும்.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின் நம் தந்தையார் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி நம்மிடம் உள்ளது. அண்மையில் அதன் படம் மங்கியபோது, திருகுகளைச் சற்றே முடுக்கினால் போதும் என்றார் இளைஞர் ஒருவர். முதிய மெக்கானிக் ஒருவரோ, "ஐயா, காயில் தானாக நகராது, முதலில் கண்டென்சரைப் பாருங்கள்" என்றார். உலர்ந்துபோன இரு கண்டென்சர்களை மாற்றியதும் படம் தெளிந்தது. ஸ்வீப் ஜெனரேட்டரும் ஆஸிலோஸ்கோப்பும் இன்றித் திருகியிருந்தால், அந்த இசைவு மீண்டிராது.

அனலாக் தரைவழி ஒளிபரப்பு ஏறத்தாழ முற்றும் ஓய்ந்துவிட்ட இந்நாளில், அத்திருகுகளில் எஞ்சியிருப்பது பெயரறியாத் தொழிலாளி ஒருவரின் கை நிதானம். ஒவ்வொன்றும் தன் உச்சியைச் சற்றே விட்டுக்கொடுத்ததாலேயே முழுப்படம் தெரிந்தது. அதனைத் தொடாதிருத்தலும் பேணுதலே.